கரையில் ஆள் இல்லை

கொரட்டூர்
8.6.1988, புதன்

பாஸ்கல் அண்ணாவுக்கு,

செல்விதான் எழுதறேன். நீ போய் எட்டு மாசமாச்சு, ஒரு லெட்டர்கூட நான் போடலைன்னு அம்மாகிட்ட குறைப்பட்டு எழுதியிருந்தே. இப்போ போடறேன். நல்ல சேதி இல்ல. உக்காந்துகிட்டுப் படி.

நம்ம ஜேம்ஸைக் காணோம். போன வியாழக்கிழமை காலையில பால் வாங்கப் போனான். ஏழரை ஆச்சு, எட்டு ஆச்சு. நான் போய்ப் பார்த்தா தூக்கு மட்டும் பூத் சுவத்து மேல வச்சது வச்சபடி இருக்குது. உள்ள பால் இல்ல. அவனும் இல்ல. டேவிட் சித்தப்பா அன்னிக்கே சைக்கிள் எடுத்துகிட்டு ஏரிக்கரை, அம்பத்தூர், ஆவடி மார்க்கெட்டு எல்லாம் சுத்திட்டார். நானும் அம்மாவும் சென்ட்ரல் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனா இறங்கிப் பார்த்தோம். அவனைக் கூப்பிட்டுத் தேடவும் முடியாதில்ல. ஒவ்வொரு முகமா பார்த்துகிட்டேதான் போகணும்.

போலீஸ் ஸ்டேஷன்ல, "இருவத்திரண்டு வயசு ஆம்பளை, அவனே வருவாம்மா"ன்னாங்க. காது கேக்காது, பேச்சு வராது, பேரு எழுதவும் தெரியாதுன்னு சொன்ன அப்புறம்தான் ஏட்டு பேனாவைத் திறந்தார். உடனே போட்டோ கேட்டார். சர்ச்சுல புதுநன்மை வாங்கினப்போ எடுத்த படத்தைக் கொடுத்தேன். மெழுகுவத்தி பிடிச்சுகிட்டு நிக்கிறானே, ஒம்பது வயசுல. அவர் அதையும் என்னையும் பார்த்துட்டு, "காணாமப் போனது குழந்தையா, ஆளா?"ன்னு கேட்டார். டி.வி.யில காணவில்லைன்னு காட்டறதுக்கும் படம் வேணுமாம்.

உன் ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். மலை இருக்குது, ஏரி இருக்குது, படகு, பனைமரம், மேகம், ஒரு ஆட்டுமந்தைகூட இருக்குது. நம்ம வீட்டு ஆளு ஒருத்தர் இல்ல. அப்பா செத்தப்போ மாலை போட படம் இல்லாம கம்பெனி அடையாள அட்டையைப் பெருசு பண்ணோமே, அப்பவாவது உனக்குப் புத்தி வந்திருக்கணும். ஆளு வந்தா படம் கெட்டுடும்னு எல்லாரையும் ஒதுக்கி ஒதுக்கி நிறுத்தினே. இப்போ ஒருத்தன் நிஜமாவே ஒதுங்கிட்டான்.

எனக்குத் தெரிஞ்சு நீ கடைசியா அவனைத் தொட்டது கன்னத்துல விழுந்த அந்த அறைதான். ஏலகிரி படத்துல பால்பாயிண்ட் பேனாவால கிறுக்கிட்டான்னு விட்டியே. அதனாலதான் நான் உனக்கு எழுதல. இப்பவும் கோவம் போகல, அதைச் சொல்லிடறேன்.

தந்தி அடிக்கலாம்னு சித்தப்பா சொன்னார். தந்தின்னா சாவுன்னு நீ நினைச்சுப்பேன்னு அம்மா வேணாம்னுட்டாங்க. நெகட்டிவ் டப்பா இங்கதான் இருக்குது. ஏதாவது ஒண்ணுல, ஒரு மூலையிலயாவது அவன் இருக்கானான்னு யோசிச்சு சீக்கிரம் எழுது.

செல்வி


கேம்ப், மஸ்கட்
19.6.88

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. படித்துவிட்டு நேரே மேனேஜரிடம் போனேன். பாஸ்போர்ட் கம்பெனி பெட்டியில் இருக்கிறது. மூன்று வருஷம் முடியாமல் கொடுக்க மாட்டார்களாம். தாயோ தகப்பனோ இறந்தால் யோசிப்போம், தம்பி காணாமல் போனதற்கு விதி இல்லை என்றார். நான் அவரோடு சண்டை போடவில்லை. போட்டிருக்கலாமோ என்று ராத்திரியிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் ஆல்பத்தில் பன்னிரண்டு படங்கள். ஆறு வருஷத்தில் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்தவை அவ்வளவுதான். அதில் மூன்றுக்கு ஜேம்ஸ் என்னோடு வந்தான், ஸ்டாண்டைத் தூக்க. பழவேற்காட்டில் படகுகளை எடுத்தபோது என் இடது பக்கம் பையை அணைத்துக்கொண்டு நின்றான். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்ததை எடுத்தபோது எனக்குப் பின்னால், மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தான். படத்தில் இல்லாதவன் எங்கே நின்றான் என்று மட்டும் எனக்கு அங்குலம் அங்குலமாக ஞாபகம் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது ஏலகிரி. 86 ஜனவரி. விடிகாலை, ஏரி முழுக்க வெள்ளைப் பனி, கரையில் ஒரே ஒரு பாறை. ரோலில் கடைசிப் படம். அழுத்தப் போகிற நேரத்தில் அவன் பாறை மேல் ஏறி வந்து நின்றான். தள்ளிப் போடா என்று கத்தினேன். எத்தனை முறை அவனைப் பார்த்து அப்படிக் கத்தியிருக்கிறேன் செல்வி, காது கேட்காதவனை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அதற்குள் என் விரல் அழுத்திவிட்டது. ரோல் மாற்றுவதற்குள் பனி கலைந்துவிட்டது.

அந்தப் படத்தை விட மனமில்லை. அம்பத்தூர் ஸ்டூடியோ தசரதன் அண்ணாவிடம் கொடுத்து, நெகட்டிவில் அவன் மேல் சிவப்பு மை பூசி மறைத்தேன். மை பூசின இடம் பிரிண்டில் வெள்ளையாக விழும், பனியோடு பனியாகக் கலந்துவிடும். டெல்லிப் போட்டிக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: "தண்ணீரில் ஒருவர் தெரிகிறார், கரையில் ஆள் இல்லை." பாறையில் இருந்தவனை மறைத்தோம், தண்ணீரில் விழுந்த நிழலை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அன்றைக்கும் எனக்கு அவன் மேல்தான் கோபம் வந்தது.

பிஸ்கட் டப்பாவில் ஏழாம் நம்பர் கவர். அந்த மைக்குக் கீழே அவன் முகம் இருக்கிறது. தயவுசெய்து நீ சுரண்டிவிடாதே. நகம் பட்டாலும் போய்விடும், வேறு பிரதி கிடையாது. தசரதன் அண்ணாவிடமே கொண்டுபோ.

இன்னொன்று. ஊரிலிருந்து புறப்பட்ட அன்றைக்கு நான் அவனிடம்... அது இருக்கட்டும். முதலில் படம் கிடைக்கட்டும். அம்மாவைச் சாப்பிடச் சொல்.

பாஸ்கல்


கொரட்டூர்
1.7.88

அண்ணா,

உன் லெட்டர் 28-ஆம் தேதி வந்துச்சு. ஒரு மாசம் ஆகப் போகுது, இன்னும் ஒரு தகவலும் இல்ல.

நீ எழுதாம விட்டதையும் சேர்த்துப் படிச்சேன். அவன்கிட்ட நீ என்ன சொன்னேன்னு முழுசா எழுது. என்கிட்ட எதுக்கு உனக்குத் தயக்கம்.

இங்க நடந்ததைச் சொல்றேன். போன வாரம் வில்லிவாக்கம் தண்டவாளத்துல ஒரு பையன் அடிபட்டுச் செத்து, ஊர் பேரு தெரியாம ஜி.எச்.ல கிடக்கறான்னு போலீஸ்காரர் வந்தார். சித்தப்பாதான் பார்க்கப் போனார். எங்களை வர வேணாம்னுட்டார். மத்தியானம் அவர் தெருவுல வர்றதை ஜன்னல்ல இருந்து பார்த்துகிட்டே இருக்கோம். வந்தவர் உள்ள வரல. நேரா அடிபம்புக்குப் போய் வாளியை வச்சு, சட்டையோட தலையில தண்ணி ஊத்திக்கிட்டார். அம்மா அதைப் பார்த்துட்டு அப்படியே சரிஞ்சு விழுந்துட்டாங்க. பிணத்தைப் பார்த்துட்டு வந்தா குளிக்கணும்னு அவர் குளிச்சார். நம்ம பிள்ளை செத்துட்டான்னு அம்மாவுக்கு அதுவே சேதியாப் போச்சு. அது வேற யாரோ பெத்த பிள்ளை. அதைச் சொல்றதுக்கு முன்னாடி அவர் நாலு வாளி ஊத்திக்கிட்டார். "இன்னா செய்வேன் செல்வி, அப்டியே ஊட்டுக்குள்ள வர முடியுமா"ன்னு அப்புறம் உக்காந்து அழுதார். அதுல இருந்து வெளியில யாராவது பம்பு அடிச்சா அம்மா எழுந்து உக்காந்துக்கறாங்க.

ஏழாம் நம்பர் கவர் கிடைச்சுது. வெளிச்சத்துல பிடிச்சேன். கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு. தலைகீழா திருப்பினா தண்ணியில அவன் நிக்கிறான், சட்டை காலரெல்லாம் தெரியுது. முகம் அலையில கலைஞ்சுபோய் கிடக்குது. ரொம்ப நேரம் பார்த்துகிட்டே இருந்தேன்.

தசரதன் அண்ணா ஸ்டூடியோவை மூடி ஆறு மாசமாச்சாம். சென்னீர்குப்பத்துல மக வீட்ல இருக்கார். பஸ் பிடிச்சுப் போனேன். வலது கை நடுங்குது, டீ கிளாஸைக்கூட ரெண்டு கையால பிடிக்கிறார். "பூசினவன் நான்தாம்மா. ஊற வச்சா அந்த மை போயிடும். ஆனா நனைஞ்ச பிலிம் தயிர் ஆடை மாதிரி, என் கை பட்டா கிழிஞ்சுடும்"னார். ஞாயித்துக்கிழமை காலையில வா, நான் சொல்லச் சொல்ல நீ செய்யின்னார். உன் பதில் வர்ற வரைக்கும் நான் காத்திருக்கப் போறதில்ல. கெட்டுப்போச்சுன்னா என்னைத் திட்டிக்கோ.

இன்னொண்ணு. ஆல்பத்துல பன்னெண்டு படம்னு எழுதியிருந்தே. எண்ணிப் பார்த்தேன், பதினொண்ணுதான் இருக்குது. ஏலகிரி இருந்த பக்கத்துல நாலு மூலை மட்டும் ஒட்டிகிட்டு இருக்குது. அந்தக் கிறுக்கின படத்தை நீ எடுத்துகிட்டுப் போனியா?

செல்வி


கேம்ப், மஸ்கட்
12.7.88

செல்வி,

நான் எடுத்துக்கொண்டு வரவில்லை. இன்று காலை டவுனுக்குப் போகிற லாரியில் ஏறிப் போய்த் தந்தி அடித்தேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்திருக்கும். "ஏலகிரி ஏரிக்கரை உடனே போ." ஏன் என்று தந்தியில் எழுத முடியாது. இதில் எழுதுகிறேன்.

நம் வீட்டில் அவனுக்குப் புரிகிற ஜாடைகள் எத்தனை என்று உனக்கே தெரியும். சாப்பாடு, கோயில், அப்பா, மழை. என்னைக் குறிக்க ஒற்றைக் கண்ணை மூடிக் காட்டுவான். கேமராவில் பார்க்கிற ஆள். நான் பயணம் கிளம்பினால் கண்ணுக்குக் கையை வைத்து ஒரு சொடுக்கு, பிறகு தூரமாகக் கையை நீட்டுவது. படம் எடுக்கப் போகிறேன். இரண்டு நாள், மூன்று நாளில் திரும்பிவிடுவேன். இவன் ஸ்டேஷன் படியில் வந்து உட்கார்ந்திருப்பான்.

வெளிநாடு என்பதற்கு நம்மிடம் ஜாடை இல்லை செல்வி. மூன்று வருஷம் என்பதற்கும் இல்லை. புறப்பட்ட அன்றைக்கு அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். விட்டால் அழுவான், அம்மாவும் அழுவார்கள், எனக்கும் கால் எழும்பாது. கண்ணுக்குக் கையை வைத்துச் சொடுக்கிக் காட்டினேன். தூரமாகக் கையை நீட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே சட்டையை விட்டுவிட்டான்.

நான் படம் எடுக்கப் போயிருக்கிறேன் என்றுதான் அவன் இத்தனை மாசமாக நினைத்துக்கொண்டிருந்திருப்பான். ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தும் பார்த்திருப்பான். நீங்கள் யாரும் அவனை அங்கே கவனிக்கவில்லையா? வராமல் போகவே தேடிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். நான் போகிற இடங்கள் எல்லாம் அந்த ஆல்பத்தில்தானே இருக்கின்றன. ஜோலார்பேட்டையில் இறங்கி பஸ் ஏறினது அவனுக்கு ஞாபகம் இருக்கும். வழியில் அவனுக்கு என்ன ஆகியிருக்கும்? டிக்கெட் கேட்டால் என்ன சொல்வான்? அடித்தால் என்ன சொல்வான்?

நெகட்டிவ் விஷயம். காய்ச்சி ஆறவைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டின தண்ணீர். பத்து நிமிஷம் ஊறவேண்டும். தேய்க்கவே கூடாது. மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும். ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடு, ஃபேன் போடாதே, வெயிலில் வைக்காதே. இதற்குள் நீ செய்தே முடித்திருப்பாய். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கெட்டுப்போயிருந்தாலும் திட்ட மாட்டேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை.

பாஸ்கல்


கொரட்டூர்
22.7.88

அண்ணா,

ஜேம்ஸ் கிடைச்சுட்டான். உசுரோட இருக்கான். இதை முதல்ல படிச்சுக்கோ, மத்ததை அப்புறம் படி.

ஞாயித்துக்கிழமை தசரதன் அண்ணா வீட்ல ஒரு சூப்புத் தட்டுல தண்ணி ஊத்தி நெகட்டிவை ஊறவச்சோம். அவர் பக்கத்துல உக்காந்து, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுகிட்டார், நடுங்கித் தட்டுல பட்டுடப் போகுதுன்னு. தொடு, எடு, தொடு, எடுன்னு சொல்லிகிட்டே இருந்தார். கொஞ்ச கொஞ்சமா தண்ணி சிவப்பாச்சு. முதல்ல கால் வந்துச்சு. அப்புறம் சட்டை. முகத்துகிட்ட வந்ததும் பிரஷ்ஷை எடுத்துட்டேன். "நிறுத்தாதம்மா, காஞ்சா ஒட்டிக்கும்"னார். கன்னத்துல ஒரு சின்ன கீறல் விழுந்துடுச்சு. மத்தபடி முழுசா வந்துட்டான். பூந்தமல்லியில ஒரு கடையில பெருசா பிரிண்ட் போட்டோம். உன்னைப் பார்த்துச் சிரிக்கிறான் அண்ணா. அதைப் பார்த்த கண்ணால நீ எப்படித்தான் மை பூசக் கொடுத்தியோ.

போலீஸுக்கு ஒண்ணு, டி.வி.க்கு ஒண்ணு கொடுத்தும் பதில் வரல. 14-ஆம் தேதி உன் தந்தி வந்துச்சு. தந்தின்னு சத்தம் கேட்டதும் அம்மா காதைப் பொத்திகிட்டாங்க. சித்தப்பா, "அங்கதான் கீறான்னு இவனுக்கு இன்னா நிச்சயம், பாலைவனத்துல உக்காந்துகினு ஜோசியம் சொல்றானா"ன்னு கேட்டார். கேட்டுகிட்டே சட்டை மாட்டிகிட்டார்.

ஜோலார்பேட்டை ஸ்டேஷன்ல யாருக்கும் தெரியல. மலை பஸ் கண்டக்டர்கிட்ட படத்தைக் காட்டினேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே, "படம் வச்சிருப்பானே, அந்த ஊமைப் பையனா"ன்னார். பஸ்ல ஏத்தாம விட்டதால மலையை நடந்தே ஏறினானாம்.

ஏரிகிட்ட கன்னியம்மாள்னு ஒரு அம்மா டீக்கடை வச்சிருக்காங்க. நாங்க வாயைத் திறக்கறதுக்குள்ளயே, "எங்கம்மா இருந்தீங்க இத்தனை நாளா"ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி காலெல்லாம் வெடிச்சு ரத்தத்தோட வந்தானாம். அவங்கதான் சோறு போட்டு மஞ்சள் வச்சுக் கட்டியிருக்காங்க. கடைக்குத் தண்ணி சுமந்து ஊத்துவானாம். ஆனா விடியற நேரத்துல மட்டும் எந்த வேலை சொன்னாலும் செய்ய மாட்டானாம், பாறைக்குப் போயிடுவானாம்.

நாங்க போனப்போ விடிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்துச்சு. பாறை மேல நிக்கிறான். நீ எடுத்த அதே இடம். பின்னாடியிருந்து கூப்பிட முடியாதே, சுத்திப் போய் முன்னாடி நின்னேன். பார்த்தான். ஓடி வந்து என் தோளைப் பிடிச்சுகிட்டு எனக்குப் பின்னாடி பார்த்தான். சித்தப்பாவைப் பார்த்தான். அவருக்கும் பின்னாடி பார்த்தான். அப்புறம் ஒத்தைக் கண்ணை மூடிக் காட்டி, எங்கன்னு கையை விரிச்சான். அவனைக் கட்டிகிட்டு அழுதேன். அவன் அழவே இல்ல, என் தோளுக்கு மேல ரோட்டையே பார்த்துகிட்டு இருந்தான்.

சட்டைக்குள்ள இருந்து அந்தப் படத்தை எடுத்துக் காட்டினான். நாலா மடிச்சு, வேர்வையில ஊறி, ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்குது. அன்னிக்கு நீ கிறுக்கல்னு சொன்னே, நானும் சரியா பார்க்கல. அது கிறுக்கல் இல்ல அண்ணா. வெள்ளையா மறைச்ச இடத்துல பால்பாயிண்டால ஒரு ஆளை வரைஞ்சிருக்கான். அவனேதான். பக்கத்துல இன்னும் கொஞ்சம் உயரமா ஒருத்தன், கழுத்துல ஒரு பெட்டி தொங்குது. அதுக்குத்தான் அறை வாங்கியிருக்கான்.

நேத்து காலையில நான் எழுந்திரிக்கறதுக்குள்ள ஸ்டேஷன் படியில போய் உக்காந்துட்டான். நேத்து வந்த லெட்டர்ல நீ கேட்டியே, நாங்க கவனிக்கத்தான் இல்ல. நான் இழுத்தா வரமாட்டேங்கறான். இவன் திரும்பவும் கிளம்பிடுவான்னு எனக்கு பயமா இருக்குது. பதினொரு படம் பாக்கி இருக்குது அந்த ஆல்பத்துல, அதை அம்மா பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். எத்தனை நாள் பூட்டி வைக்க முடியும்? நீ சொன்ன பொய், நீதான் அவன்கிட்ட திருத்திச் சொல்லணும். எப்படிச் சொல்லுவியோ எனக்குத் தெரியாது.

உன் படமும் ஒண்ணுகூட வீட்ல இல்ல, தெரியுமா? தேடிப் பார்த்தேன்.

செல்வி


கேம்ப், மஸ்கட்
8.8.88

அன்புள்ள செல்வி,

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் மற்றதைப் படித்தேன்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். நான் எடுத்தது இல்லை. பக்கத்துக் கட்டில் துலுக்கானம் எடுத்தார். கேமராவை அவர் கையில் பிடித்ததே அன்றைக்குத்தான். சாய்ந்திருக்கிறது, என் உச்சந்தலை வெட்டுப்பட்டிருக்கிறது, பின்னால் இருக்கிற மலை கலங்கிப்போயிருக்கிறது. இரண்டாவது எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

படத்தில் நான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். என் கையில் இருப்பது சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் வெட்டின நட்சத்திரம். ஆகஸ்ட் மாசத்தில் இந்த ஆளுக்கு என்ன ஆனது என்று கேம்ப்பே சிரித்தது. நம் வீட்டு வாசலில் வருஷத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு, நட்சத்திரம் கட்டுகிறவன் ஜேம்ஸ்தானே. கையில் இரண்டு வைத்திருக்கிறேன். இந்த வருஷம் ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று. மூன்றாவது கட்டுவதற்குள் வந்துவிடுவேன். இது பொய் இல்லை.

ஏழாம் நம்பர் நெகட்டிவில் இன்னொரு பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பு. கன்னத்துக் கீறலை யாரையும் சரிசெய்யச் சொல்லாதே.

ஆல்பத்தைப் பூட்டி வைக்காதே, அவனிடமே கொடுத்துவிடு. ஏலகிரி இருந்த பக்கத்தில் அந்த நாலு மூலைக்குள் என் படத்தை அவனையே செருகச் சொல். நட்சத்திரத்தை அவனே எண்ணிக்கொள்வான்.

பாஸ்கல்